பதினெட்டுப் பேர் வந்த கச்சேரியும் நம் ஈரச் செருப்பும்

தலைமை தாங்கும், தாங்கித் தாங்கியே தோள் தளர்ந்துபோன எங்கள் சங்கத் தலைவர் இராசநாயகம் அண்ணை அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியை முறுவலால் மூடி வீற்றிருக்கும் மூத்தோர்களே! பட்டுச் சேலைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டி வந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே! சமையலறை வாசலில் கரண்டியைச் செங்கோலாய் ஏந்தி நிற்கும் ஆனந்தவல்லி அக்கா அவர்களே! பின்கதவருகே கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் அவசர அன்பர்களே! அனைவருக்கும் இந்தச் செல்வராஜின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

என்ன, கைதட்டல் கஞ்சத்தனமாக இருக்கிறது? பரவாயில்லை. முடிக்கும்போது தட்டுவீர்கள். முடித்தானே என்ற மகிழ்ச்சியில் தட்டுவீர்கள். என் வீட்டில் அதுவும் கிடையாது. நான் 'ஆகவே' என்று ஆரம்பித்தாலே என் மனைவி ஸ்வர்ணா துணி காயப்போடப் போய்விடுவாள். ஆக்லாந்தில், கொட்டுகிற மழையில்!

எனக்குத் தந்த தலைப்பு, 'புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுக்களின் அறியப்படாத ஆரம்ப காலம்'. தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எனக்குப் பிறகு ஒரு ராக் குழு வாசிக்க வேண்டும். மூவரும் நம் பிள்ளைகள். பாடுவது புக்கெகோஹியிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வரும் தேவதர்ஷினி. கித்தார் வாசிப்பது எல்லர்ஸ்லியில் கணினியோடு மல்லுக்கட்டும் மதன்குமார். டிரம்ஸ் அடிப்பது தலைவரின் ஒரே மகள் நிருஜா. குழுவின் பெயர், 'ஈரச் செருப்பு'.

சிரிக்காதீர்கள்! 'ரோலிங் ஸ்டோன்ஸ்', அதாவது 'உருளும் கற்கள்' என்று பெயர் வைத்தவர்களை உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடியது. கல்லுக்கு ஒரு நியாயம், செருப்புக்கு ஒரு நியாயமா?

பீட்டில்ஸை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட வயதில் லிவர்பூலில் தொடங்கிய கூட்டம் அது. அப்போது அவர்களிடம் இருந்த வாத்தியம் என்ன தெரியுமா? துணி துவைக்கும் பலகை ஒன்று. காலித் தேயிலைப் பெட்டி ஒன்று. பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கட்டையை நட்டு, கயிற்றைக் கட்டி, டொம் டொம் என்று சுண்டினார்கள். அதுதான் அவர்களின் பேஸ் கித்தார்!

நான் கேட்கிறேன், அந்தப் பெட்டியில் இருந்த தேயிலையைப் பறித்த கை எந்தக் கை?

"நுவரெலியாக் கைதான்!"

யார் அது, நவரத்தினம் மாமாவா? ஓம் மாமா, ஓம். ஆதாரம் என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. ஆனால் மேடையில் ஒருவர் சொல்லி, கூட்டத்தில் ஒருவர் ஆமோதித்துவிட்டால் நம் வழக்கப்படி அது வரலாறு!

பிறகு ஜெர்மனிக்குப் போனார்கள். ஹம்பர்க் நகரம். தங்கிய இடம் மாளிகையா? ஒரு சினிமாக் கொட்டகையின் பின்னறை. பக்கத்தில் என்ன? கழிப்பறை. குழுவில் ஒருவருக்கு வயது போதவில்லை என்று நாட்டைவிட்டே அனுப்பினார்கள். விசா வேதனை நமக்கு மட்டும் விதிக்கப்பட்டது என்றா நினைத்தீர்கள்? பீட்டில்ஸுக்கே அந்தக் கதி!

இனிமேல்தான் கவனியுங்கள். இங்கிலாந்தில் ஆல்டர்ஷாட் என்று ஓர் ஊர். 1961 டிசம்பரில் அங்கே அவர்களுக்குக் கச்சேரி. பத்திரிகையில் விளம்பரம் வரவில்லை. வந்தவர்கள் பதினெட்டுப் பேர். நம் சங்கச் செயற்குழுக் கூட்டத்துக்கே அதைவிட அதிகம் வருவார்கள், வடை உண்டென்றால்! பாதிக் கச்சேரியில் வாத்தியத்தை வைத்துவிட்டு அவர்களே ஆடுதளத்தில் இறங்கி, தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்து ஆடினார்கள். வேறென்ன செய்வது? ஆட ஆளில்லையே!

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

நம் விழாவில் ஒரு மரபு உண்டு. பிள்ளை மேடையேறினால் பத்துக் கைப்பேசி எழும்பும். பிள்ளை இறங்கியதும் குடும்பமே எழும்பும். சலங்கையைக் கழற்றும் முன் கார் கிளம்பிவிடும். மிச்சம் இருப்பவர்கள் யார்? சாப்பாட்டுக்காக இருப்பவர்கள். சாப்பாடு திறந்தால்? அவர்களும் இல்லை. சென்ற ஆண்டு சாப்பாட்டைத் திறந்த பிறகுதான் ஈரச் செருப்பை மேடையேற்றினோம். நாம் டப்பாவோடு வரிசையில் நின்றோம். நானும்தான் நின்றேன், இரண்டு டப்பாவோடு. உள்ளே நிருஜா நாற்காலிகளுக்கு வாசித்தாள். பாதிப் பாட்டில் அந்த நாற்காலிகளையும் அடுக்கத் தொடங்கினோம்.

சற்று முன் திரைக்குப் பின்னால் நம் தலைவர் என் கையைப் பிடித்துச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அண்ணை, முறைக்காதீர்கள். என்னிடம் இரகசியம் சொன்னது உங்கள் தவறு.

"தம்பி, நீங்கள் நல்லா இழுத்துக் கதையுங்கோ. மண்டபம் பூட்டுற நேரம் வந்தவுடன, பாட்டுக்கு நேரமில்லை எண்டு சொல்லிவிடுவம். போன வருசம் வீட்ட வந்து ஒரு கிழமையா அவள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. இன்னொருக்கா அவளை அப்பிடிப் பாக்க என்னால ஏலாது."

"அப்பா, சீரியஸ்லி?"

கேட்டீர்களா? திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல்! பிள்ளைக்கு இப்போதுதான் தெரிகிறது.

கோபப்படாதே நிருஜா, இதையும் கேள். பிளாக்ஹவுஸ் பேயில் தலைவர் வீட்டுப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், தலைவரின் கார் வருடம் முழுவதும் மழையில் நனைகிறது. கேட்டால் "கராஜ் ஒழுகுது" என்பார். கராஜ் ஒழுகவில்லை ஐயா! உள்ளே டிரம்ஸ் இருக்கிறது! இந்த மனிதருக்கா மகள் வாசிப்பதில் வெறுப்பு? அவர் அஞ்சுவது அவள் வாசிப்புக்கு அல்ல. அஞ்சுவது நமக்கு! நம் முதுகுக்கு!

அண்ணை, உங்கள் அன்பை மதிக்கிறேன். உங்கள் யோசனையை மறுக்கிறேன். காலி நாற்காலி வாசிப்பவருக்கு அவமானமா? எழுந்து போனவருக்கா? ஆல்டர்ஷாட்டில் அன்று வீட்டில் படுத்திருந்தவர்கள் பிறகு எத்தனை வருடம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்! ஈரச் செருப்பு உலகை வெல்லுமா? எனக்குத் தெரியாது. வெல்லாமலும் போகலாம். மதன்குமார் கித்தாருக்குச் சுருதி கூட்டுவதைக் கேட்டேன், கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால் வென்ற பிறகு கைதட்ட உலகம் வரும். விளையாட்டரங்கம் வரும், விளம்பரம் வரும். வெல்வதற்கு முன்னால் கைதட்ட யார் வருவார்? அதற்குத்தானே ஐயா அயலவர்! அதற்குத்தானே ஒரு சங்கம்! அதற்குத்தானே கடல் கடந்து வந்தும் நாம் கூடி இருக்கிறோம்!

ஆனந்தவல்லி அக்கா! சாப்பாட்டை எப்போது திறப்பீர்கள்?

"பாட்டு முடிஞ்சப்புறம்தான் செல்வராஜு! அதுவரைக்கும் ஒரு மூடியும் திறக்காது. எவன் வர்றான்னு பாக்குறேன்!"

கேட்டீர்களா, அரசாணையை? பின்கதவு அன்பர்களே, அந்தச் சாவியைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். அப்படித்தான். உட்காருங்கள்.

என் கையில் இன்னும் ஏழு பக்கம் இருக்கிறது. எல்லாம் அரிய தகவல். ஒன்றையும் சொல்லப் போவதில்லை. யாரது, அதற்குள் விசில் அடிப்பது? ஸ்வர்ணா, நீயா?

அண்ணை... எங்கே எழும்பிவிட்டீர்கள்? கோபமா? கதிரையையும் தூக்குகிறீர்களே! படி, படி, பார்த்து இறங்குங்கள். யாராவது கைகொடுங்கள். வேண்டாமா? சரி.

அன்பர்களே, தலைவர் மேடையைவிட்டு இறங்கிவிட்டார். முன்வரிசைக்கும் முன்னால், டிரம்ஸுக்கு நேர் எதிரே தன் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நிருஜா, வா அம்மா. ஆள் வந்தாயிற்று.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பசியோடு கேட்ட பிள்ளைகளுக்கும், மூடியைக் காத்து நிற்கும் அக்காவுக்கும் என் நன்றி. திரையை விலக்குங்கள். வணக்கம்!