கழலாத நட்டு

மாமா: பிளக்கைப் பிடுங்கினியா?

மச்சான்: பிடுங்கிட்டேன் மாமா.

மாமா: நல்லாப் பாரு. ரம்ப மெஷின் இது. விரல் கிரல் போச்சுன்னா உங்க அக்கா என் கழுத்தைத்தான் பிடிப்பா.

மச்சான்: பிடுங்கின பிளக்கு உங்க கையிலதான் இருக்கு.

மாமா: ம்... சரி, ஆரம்பி.

மச்சான்: எப்பலேர்ந்து இப்படி?

மாமா: நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பல்லு மழுங்கிப் பலகையெல்லாம் கருகுதேன்னு வேற பிளேடு மாட்டப் பார்த்தேன். நட்டு அசைய மாட்டேங்குது. நானே பார்த்துக்கறேன்னு சொல்லி வாயை மூடல, அவ உனக்கு போன் போட்டாச்சு.

மச்சான்: அக்கா பதறிடுச்சு போல...

மாமா: எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பதறலையே.

மச்சான்: இது இடது மரைதானே மாமா? பிளேடு சுத்துற பக்கமே திருப்பினாத்தான் கழலும்.

மாமா: அதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க.

மச்சான்: மோட்டார் கடையில இருந்தேன்ல.

மாமா: அந்தக் கடையைத்தான் இழுத்து மூடிட்டாங்களே.

மச்சான்: ...ஆமா.

மாமா: நான் ஒண்ணும் குத்திக் காட்டல.

மச்சான்: தெரியும் மாமா. அந்த ஸ்பானரை இப்படிக் கொடுங்க.

மாமா: சாப்பிட உட்கார்ந்தா உன் புராணம்தான் வீட்டுல. தம்பி மிக்சியைச் சரி பண்ணான், தம்பி குழாயைச் சரி பண்ணான்... அவளுக்குன்னு ஒரு அலமாரி இழைச்சு இழைச்சு செஞ்சேன். கதவு நல்லா சாத்துதுன்னா. அவ்வளவுதான். நீ ஒரு பல்பு மாட்டிட்டுப் போன, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டறா.

மச்சான்: அப்ப... நான் உங்க பட்டறைக்கு வேலைக்கு வர்றது உங்களுக்குப் பிடிக்கல.

மாமா: அப்படின்னு யார் சொன்னா? இந்த பிளேடைக் கழட்டு, நாளைக்கே வா. கழட்டத் தெரியலன்னா...

மச்சான்: வெளியூர் வேலைக்குப் போயிடறேன். பேசினதுதானே.

மாமா: உங்க அக்காகிட்டயும் சொல்லித்தான் ஒத்துக்கிட்டிருக்கேன். அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது.

மச்சான்: நானா?

மாமா: அவ.

அக்கா: என்னடா, கழலுதா? இந்தா டீ. உனக்குப் பிடிச்ச மாதிரி சர்க்கரை தூக்கலா போட்டிருக்கேன்.

மாமா: எனக்கு?

அக்கா: நீங்க இப்பத்தானே குடிச்சீங்க.

மாமா: காலையில.

அக்கா: சரி, கொண்டு வரேன். அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கறீங்க...

மச்சான்: அக்கா, நகப் பாலிஷ் அழிக்கிற தண்ணி வச்சிருப்பியே... கொஞ்சம் கொடேன்.

மாமா: அது எதுக்கு?

மச்சான்: சும்மா மாமா. நட்டைத் துடைக்க.

மாமா: அதான் எண்ணெய் இருக்கே. எண்ணெயை விடு.

அக்கா: கேக்கறான், கொடுத்துட்டுப் போறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?

மாமா: எனக்கென்ன... அவன் கேட்டா நீ கிட்னியைக்கூட எடுத்துக் கொடுப்ப.

அக்கா: கொடுப்பேன். ...இந்தாடா பாட்டில். அடுப்புல பால் இருக்கு, நான் போறேன்.

மச்சான்: மாமா, பிளேடு சுத்தாம முட்டுக் கொடுக்க ஒரு கட்டை வேணும்.

மாமா: இதோ காலடியிலயே கிடக்கு.

மச்சான்: அது பிளந்துடும். பின்னாடி அடுக்குலேர்ந்து கெட்டியா ஒண்ணு...

மாமா: வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே என்னை ஏவுற. இரு, வரேன்.

மச்சான்: மெதுவா வாங்க மாமா. அவசரமில்ல.

மாமா: ...இந்தா கட்டை. என்ன, அசைஞ்சுதா?

மச்சான்: இல்ல மாமா.

மாமா: அந்தத் தண்ணியை விட்டுமா?

மச்சான்: ம்.

மாமா: பல்லுல கட்டையை வச்சு அழுத்து... இன்னும்... உன் பலமெல்லாம் எங்க போச்சு?

மச்சான்: வரல மாமா. விட்டுடறேன்.

மாமா: அதுக்குள்ளயா? நெத்தி வேர்க்கவே இல்லையே.

மச்சான்: என்னால முடியல. நீங்க பாருங்க.

மாமா: அப்படி வா வழிக்கு. என் தம்பி, என் தம்பின்னு தலையில தூக்கி வச்சு ஆடினாளே, இப்ப வந்து பார்க்கட்டும். தள்ளு. ஸ்பானரைக் கொடு... டேய்.

மச்சான்: என்ன மாமா?

மாமா: இது விரலால தொட்டாலே சுத்துதேடா.

மச்சான்: மெதுவாப் பேசுங்க.

மாமா: எப்ப கழண்டுச்சு?

மச்சான்: நீங்க கட்டை எடுக்கப் போனப்ப. அந்தத் தண்ணி பட்டதும் இளகிடுச்சு. மறுபடி லேசா மாட்டி வச்சேன்.

மாமா: அப்புறம் ஏன் முடியலன்னு...

மச்சான்: மரை பூரா வெள்ளையா காய்ஞ்சிருந்துச்சு மாமா. துருவா, வேறயான்னு எனக்குத் தெரியாதா?

மாமா: அவ காதுல விழுந்துடப் போகுதுடா...

மச்சான்: நான் ஜெயிச்சு இங்க வந்து உட்கார்ந்துடலாம். தினம் உங்க முகத்தைப் பார்க்கணுமே. நீங்களே கழட்டினதா இருக்கட்டும்.

மாமா: உங்க அக்காகிட்ட...

மச்சான்: சொல்ல மாட்டேன்.

மாமா: பார்த்தியா... இதுலயும் நீதான் உசத்தியா நிக்கற.

அக்கா: என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? இந்தாங்க உங்க டீ.

மச்சான்: என்னால முடியல அக்கா. மாமாதான் கழட்டினாரு.

அக்கா: நிஜமாவா?

மச்சான்: ஒரே திருப்பு.

அக்கா: அப்ப நீ... வெளியூருக்கு...

மச்சான்: போறேன். லீவு கிடைக்கறப்ப வர்றேன். அழாத.

அக்கா: நான் எங்க அழறேன்... பேச்சுன்னா பேச்சுதான். ஏங்க, தப்பு என் மேலதான். வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு இவனுக்கு போன் போட்டேன் பாருங்க. உங்க கை போல வராதுங்க.

மாமா: என்ன சொன்ன?

அக்கா: உங்க கை போல யாருக்கும் வராதுன்னேன்.

மாமா: இன்னொரு தடவை சொல்லு.

அக்கா: எத்தனை தடவைங்க சொல்றது? உங்க கை போல யாருக்கும்...

மாமா: போதும், போதும்... கழட்டினது உன் தம்பி. நேத்து அதுல பசையை ஊத்தினது நான்.