தண்ணித் தாங்கிக்குக் கீழே

பகேரியாவிலிருந்து பலெர்மோவுக்குப் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேஷனின் பழைய தண்ணீர்த் தாங்கி ஜன்னலைக் கடந்தபோது மூத்தவர் சொன்னார்:

“இதை இடிச்சால் என்ர சிஞ்ஞோரா எங்கையடி போவா?”

இளையவளுக்கு விளங்கவில்லை. “தாங்கிக்கும் நீங்கள் வீட்டிலை பராமரிக்கிற அந்த இத்தாலிக் கிழவிக்கும் என்னக்கா?”

“அவவின்ர மனுசன் கரிக்கோச்சி ஓட்டினவர். எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்கிற நேரம் அதுக்குக் கீழைதான் ரெண்டு பேரும் நிண்டு கதைக்கிறவையாம். அவர் செத்துக் கனகாலம். இவவுக்கு இப்ப அவர் செத்ததே மறந்து போச்சு. வீட்டிலை ஆளைக் காணேல்லையெண்டால் நான் நேரை அங்கைதான் ஓடுவன்.”

“உண்மையா இடிக்கப் போறாங்களோ?”

“ஆருக்குத் தெரியும்? நேற்று சுத்திவர வேலி அடைச்சுப் போட்டாங்கள். அண்டைக்கெண்டு அவவையும் காணேல்லை. பதறியடிச்சு ஓடினன். பாத்தால், வேலிக்குள்ளை ஒரு கதிரை போட்டு, வேலை செய்யிற பெடியள் அவவை நிழலிலை இருத்தி வைச்சிருக்கிறாங்கள். ‘ரெயின் பிந்தித்தான் வருமாம், சிஞ்ஞோரா’ எண்டு ஒருத்தன் சொல்லிக்கொண்டு நிக்கிறான்.”

“பிறகு கூட்டிக்கொண்டு வந்தியளோ?”

“என்னெண்டு கூப்பிடுறது? நானும் பக்கத்திலை ஒரு கல்லிலை இருந்தன். கனநேரத்தாலை அவவே எழும்பி என்ர கையைப் பிடிச்சா. ‘இண்டைக்கு அவர் வரமாட்டார். வா, உனக்குப் பசிக்கும்’ எண்டா.”