வலது காதில் சொன்ன ரகசியம்

ஒரு காதை இந்தக் கூட்டத்துக்கும் மறு காதைப் பந்தாட்ட வர்ணனைக்கும் பங்கிட்டுக் கொடுத்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! ஒலிபெருக்கிக்கு அருகிலேயே அமர்த்தப்பட்ட பெரியோர்களே! பிள்ளையை நூறு முறை கூப்பிட்டு, நூற்றோராவது முறை அவன் காது வயரைப் பிடுங்கும் வீரத் தாய்மார்களே! வணக்கம். மைக்செட் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா. காதைக் காக்கக் கூட்டம் போட்டுக் காதையே கிழிக்கலாமா?

பதினான்கு ஆண்டுகள் ஒரு தொலைபேசி அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்டவள் நான். கேட்டவள் என்றேன், தீர்த்தவள் என்று சொல்லவில்லை. சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டியிருப்பீர்கள்!

எங்கள் கூடத்தில் இருபது நாற்காலிகள், இருபது ஹெட்போன்கள். ஷிப்ட் மாறினால் ஆள் மாறுவார், ஹெட்போன் மாறாது. அவர் காதிலிருந்து இறங்கியது சூடு ஆறுமுன் என் காதில் ஏறும். அதன் பஞ்சு உறையைத் துடைத்தோமா? இல்லை. மாற்றினோமா? இல்லை. ஒருத்தி காதில் சீழ் வைத்தால் மாதக் கடைசிக்குள் வரிசை முழுவதற்கும் வந்துவிடும். ஒற்றுமையில் எங்களை யார் மிஞ்ச முடியும்?

பக்கத்து நாற்காலிக்காரி கத்துவாள். நான் சத்தத்தைக் கூட்டுவேன். கூட்டியதால் நானும் கத்துவேன், அவளும் கூட்டுவாள். அத்தனையும் வலது காதில். இடது காது மேலாளர் கூப்பிட்டால் ஓடுவதற்கு!

அரித்தது. பேனா மூடியை விட்டேன், கொண்டை ஊசியை விட்டேன், ஒரு நாள் வீட்டுச் சாவியையே விட்டேன். மருத்துவர் கேட்டார்:

"உள்ள என்னம்மா விட்டீங்க?"

"சாவி, டாக்டர்."

"திறந்துச்சா?"

திறக்கவில்லை, பெரியோர்களே! மூடிக்கொண்டது. "புண்ணை ஆத்திடலாம்மா. சத்தத்துல போன காது போனதுதான்" என்றார். வீட்டில் சொன்னேனா? குறை கேட்பவளுக்கே குறையா என்ற கௌரவம்!

அப்போது என் மகளுக்கு ஏழு வயது. ஒரு காலை நான் குனிந்து செருப்பு மாட்டும்போது கழுத்தைக் கட்டிக்கொண்டு, வலது காதில் ஏதோ சொன்னாள். சூடான மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. நான் என்ன செய்தேன்? அலுவலகப் பழக்கம்! சிரித்தேன், தலையாட்டினேன், "சரிம்மா, பாத்துக்கலாம்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஆசிரியை அழைத்தார். பள்ளி வண்டியில் பெரிய பிள்ளைகள் அவளைத் தினமும் அடித்திருக்கிறார்கள். அவளை வாரி அணைத்துக்கொண்டு கேட்டேன்:

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேம்மா. நீ சிரிச்சே."

ஊரார் குறையை எல்லாம் கேட்ட காது! பெற்ற மகளின் ஒரே ஒரு குறையைக் கேட்காத காது! அதற்குப் பிறகு என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

ஆகவே கேட்கிறேன். கைநீட்டும் தூரத்தில் ஒருவர் பேசுவது கேட்காத அளவுக்கு என்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது? சத்தத்தைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தினால் பாடகர் கோபித்துக்கொள்வாரா? ஹெட்போனை மணிக்கொரு தரம் கழற்றி வையுங்கள்! உறையைத் துடையுங்கள்! அடுத்தவர் காதில் இருந்ததை வாங்காதீர்கள்! அரித்தால் மருத்துவரிடம் போங்கள். சாவியைப் பூட்டுக்கு விட்டுவிடுங்கள்!

இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அதோ, என் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். எங்கே போனாலும் இடப்பக்கம்தான். எல்லாம் பேசுவாள். ரகசியம் மட்டும் சொல்வதில்லை.

தலைவர் அவர்களே, வர்ணனை கேட்ட வயரைக் கழற்றிவிட்டீர்களா? நன்றி. பொறுமையாகக் கேட்ட எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்குப் போய், உங்களிடம் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வணக்கம்.