காது கேட்காதவர் எழுதிய இசை

"கைநாட்டு வூட்டுப் பொண்ணு, நீ நோட்ஸ் பாத்து கீபோர்டு வாசிப்பியா?" என்று ஒருத்தர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

இன்று வில்லியனூர் பஸ்ஸில், முன் சீட்டில், எங்கள் மாதா கோவில் பாடகர் குழுப் பெண்கள் இருவர்.

"திருவிழா பூசைக்கு ஸ்டெல்லாதான் கீபோர்டாம். இருவது வருசமா காதால கேட்டே வாசிக்கிறேன், நான் ஆளு இல்லியாக்கா?"

"அவ அந்த ஜெர்மன்காரரு எழுதினத நோட்ஸ் பாத்து வாசிக்கிறாடி."

"அவருக்குக் காதே கேக்காதாமே. காது கேக்காதவரு எழுதலாம், ரெண்டு காதும் கேக்குற நான் வாசிக்கக் கூடாதா?"

"நீயும் நோட்ஸ் கத்துக்கயேன்."

"அவகிட்டப் போயா? செத்தாலும் மாட்டேன்."

காதால் கேட்டே கீபோர்டு பழகிய எனக்கும் ஸ்டெல்லாமேல் பொறாமைதான். ஆனால் நேற்றே அவள் வீட்டுக்குப் போய் நோட்ஸில் முதல் பாடம் படித்துவிட்டு வந்திருந்தேன்.