தாங்கும் என்றேன்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று மற்றதைவிடக் குட்டை. தினமும் இதில் ஆட்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. எனக்குக் கண் அங்கேதான் போகும். பத்தொன்பது வருடமாக அதுதான் என் பிழைப்பு.

பந்தயப் பாதையில் கார்களைச் சோதிப்பவன் நான். நான் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் கார் ஓடலாம். பிரேக், பெல்ட், பெட்ரோல் டேங்க் எல்லாம் பார்ப்பேன். எல்லாவற்றையும்விட முக்கியம் கூண்டு. கார் உருண்டால் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே பொருத்துகிற இரும்புக் குழாய்க் கூண்டைச் சொல்கிறேன். மற்றவர்கள் குழாயைத் தட்டிப் பார்ப்பார்கள், பெயின்ட்டைப் பாராட்டுவார்கள். நான் அதன் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்ப்பேன். காரின் தரை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. கூண்டின் கால் அதில் நிற்க வேண்டுமென்றால் தரைக்கு மேலே ஒரு கனமான தகடு வேண்டும், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொன்று வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அடித்தகடு இல்லையென்றால் கார் கவிழும்போது கால் தரையைக் கிழித்துக்கொண்டு போய்விடும். கூரை உள்ளே வரும். நடுவில் இருப்பது ஓட்டுபவனின் தலை. நீங்கள் கொட்டாவி விடுகிறீர்கள். அவர்களும் அப்படித்தான் விட்டார்கள்.

என் தங்கையின் கணவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. பந்தயக் கார்களைத் தயார் செய்யும் பட்டறை வைத்திருந்தான், அவனும் ஓட்டுவான். அடித்தகடு வைத்தால் எடை கூடும், வேலை இழுக்கும் என்று நாணயம் அளவு வாஷரைப் போட்டு முடுக்கிவிடுவான். பதினொரு கார்களுக்கு அப்படிச் செய்தான். பன்னிரண்டாவது அவனுடையது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் காருக்கு ஸ்டிக்கர் தர மறுத்தேன். அவன் போய்ப் பாதையின் முதலாளியைக் கூட்டிவந்தான். முதலாளி என் கையிலிருந்த ஸ்டிக்கர் சுருளைப் பிடுங்கி, ஒன்றைக் கிழித்து, தானே காரின் முன்கண்ணாடியில் ஒட்டினார். இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவன்தான் ஜெயித்தான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "இது எங்க மச்சான் மில்லிமீட்டருக்கு!" என்று மைக்கில் சொன்னான். அன்றிலிருந்து என் பெயர் மில்லிமீட்டர். கேட் காவலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டான்.

அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னைப் போல நடித்துக் காட்டினான். நான் காருக்கடியில் விட்டுப் பார்க்கும் கண்ணாடி மாதிரி கரண்டியை நீட்டிக்கொண்டு மேசைக்கடியில் ஊர்ந்தான். "அடித்தகடு இல்லையேம்மா, இந்த மேசைல யாரும் சாப்பிடக் கூடாது" என்று என் குரலிலேயே சொன்னான். என் தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். பிறகு என் தட்டை நானே கழுவி வைத்தேன்.

அதற்குப் பின் எந்தக் காரையும் நான் மறுக்கவில்லை. கேட்டவனுக்கெல்லாம் ஸ்டிக்கர் கொடுத்தேன். மில்லிமீட்டர் வழிக்கு வந்துவிட்டார் என்றார்கள். பந்தய சங்கத்துக்கு மட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அடித்தகட்டின் அகலம், கனம், போல்ட் எண்ணிக்கை எல்லாவற்றையும் விதியாக்க வேண்டும் என்று ஏழு கடிதம். பந்தய நாட்களில் மூன்றாவது வளைவில் போய் நிற்பேன். கார்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் அது. என்ன எதிர்பார்த்து நின்றேன் என்று கேட்கிறீர்கள். என் வேலை பார்ப்பது. பார்த்தேன்.

போன மாதப் பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பயிற்சி முடிந்து அவன் என் அறைக்கு வந்தான். கதவை அவனே சாத்தினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சான், மூணாவது வளைவுல ரெண்டு சக்கரம் மேல போயிடுச்சு. ஒரு செகண்ட்தான். ஜன்னல்ல தரை தெரிஞ்சுது."

"உட்காரு."

"வேண்டாம். கிண்டல் எல்லாம் விடுங்க, நிஜமா சொல்லுங்க. உருண்டா அந்தக் கூண்டு தாங்குமா? நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கு ஓட்டல. எல்லாத்தையும் கழட்டி நீங்க சொல்ற மாதிரியே தகடு வெச்சுட்டு வர்றேன்."

காரைத் தூக்கி நிறுத்தி அடியில் போனேன். இரண்டு நிமிடம் போதும். அவனைக் காத்திருக்க வைத்து இருபது நிமிடம் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்துக் காலுக்குக் கீழே வாஷர் ஏற்கெனவே தகட்டைக் குழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பெயின்ட் வெடித்திருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன், நகம் உள்ளே போனது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"தாங்கும் மாப்ள."

"நிஜமாவா?"

"நான் எப்பவாவது தப்பா சொல்லியிருக்கேனா?"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உங்களை ரொம்பத்தான் ஓட்டிட்டேன் மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ளவில்லை என்றேன். ஸ்டிக்கரைக் கோணாமல் ஒட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் என் தங்கை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெயில் கடுமை, அவளுக்கு நான் குடை பிடித்தேன். நான்காவது சுற்றில், அதே வளைவில், கார் உருண்டது. முதல் உருளலைக் கூண்டு தாங்கியது. நான் சொன்னது பலித்துவிடுமோ என்று ஒரு கணம் தோன்றியது. இரண்டாவதில் கூரை இறங்கியது.

முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தவன் நான். மற்றவர்கள் பெல்ட்டை அறுத்து அவனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் காரின் தரையில் விழுந்த ஓட்டையை அளந்தேன். உங்களிடம் இருக்கும் போட்டோவில் தெரிவது என் ஸ்கேல்தான். அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து நீ பார்த்தியேண்ணா, நீ பார்த்தியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "பார்த்தேம்மா" என்றேன். அதில் பொய் இல்லை.

மூன்றாம் நாள் புது விதி அறிவிப்புப் பலகையில் ஏறியது. நான் எழுதிக் கொடுத்த அளவுகளில் ஒன்றுகூட மாறவில்லை. பதினொரு கார்களையும் நிறுத்தினார்கள். முதலாளி என் அறைக்கே வந்து, "உங்க பேச்சைக் கேட்டிருக்கணும் சார்" என்றார். சார் என்றார். பதினொரு பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். பக்குவமாக எடுத்துச் சொன்னால் தங்கையும் புரிந்துகொள்வாள். ஒருவன் செத்தால்தான் விதி வரும் என்றால் அது என் குற்றமா?

இப்போது அந்தக் காகிதத்தை என் முன்னால் தள்ளுகிறீர்கள். ஆமாம், என் இழுப்பறையில் இருந்ததுதான். சங்கத்தின் உத்தரவு. மூன்றாம் நாள் பலகையில் ஏறியது இதன் நகல்தான். தேதியை விரலால் தட்டிக் காட்ட வேண்டாம், எனக்கே தெரியும். விபத்துக்கு ஒன்பது நாள் முந்தியது. 'கிடைத்த உடனே பலகையில் ஒட்டவும்' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். வந்த அன்றே படித்தேன். மூன்று முறை படித்தேன். பிறகு மடித்து உள்ளே வைத்துப் பூட்டினேன். அவன் என் அறையில் நின்று கேட்டபோது அது எனக்கும் அவனுக்கும் நடுவில், ஒரு முழ தூரத்தில் இருந்தது.

அதை ஒட்டியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் காரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். அதையும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடித்துக் காட்டியிருப்பான். எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

ஒட்டவில்லை. தாங்காது என்று தெரிந்துதான் தாங்கும் என்றேன். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு வரியை மட்டும் விட்டுப்போகாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை.