ஸ்டூல் அச்சு மூலைக்குப் போன காரணம்

இல்ல இல்ல மாஸ்டர், நீங்க எதுவும் பேசாதீங்க. வாயில அவ்வளவு குண்டூசிய கடிச்சிக்கிட்டு யாராவது பேசுவாங்களா? ஒண்ணு உள்ள போச்சுன்னா என்னாவறது? நீங்க பாட்டுக்குக் கீழ உக்காந்து பேன்ட் மடிப்புல ஊசி குத்துங்க, நான் பாட்டுக்கு இந்த ஸ்டூல் மேல நின்னு பேசறேன். இன்னிக்கு எனக்கு வாய் நிக்காது. காலைலேர்ந்தே இப்படித்தான். கடையில ரெண்டு டீ சொல்லி, ரெண்டையும் நானே குடிச்சேன்.

விசேஷத்துக்கான்னு பாக்கறீங்களா? ஆமா, பொண்ணு கேக்கப் போற பேன்ட் இது. எனக்குத்தான் மாஸ்டர்! சிரிக்காதீங்க, ஊசி, ஊசி! நாப்பத்தொரு வயசு, முன்னாடி முடி கொஞ்சம் லீவுல போயிருக்கு, ஒத்துக்கறேன். பொண்ணுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. அவங்க அண்ணன்கிட்டதான் பேசணும். அந்த மனுஷன நெனச்சாத்தான் காலு உதறுது. பாருங்க, ஸ்டூலே ஆடுது. சேச்சே, ஸ்டூல் ஆடாது, எங்க அச்சுல வந்தது இது. கவுத்துப் பாத்தீங்கன்னா அடியில எங்க முத்திர இருக்கும்.

ஆமா, பிளாஸ்டிக் கம்பெனி. அச்சுக் கிடங்கு என் பொறுப்பு. அச்சுன்னா கையில தூக்கற சமாச்சாரம்னு நெனச்சிடாதீங்க. இந்த ஒத்த ஸ்டூல ஊத்தற இரும்பு அச்சு ஒண்ணர டன். முன்னாடியெல்லாம் தரையில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருந்தாங்க. அடியில இருக்கறது வேணும்னா மேல இருக்கறத எல்லாம் எறக்கணும். ஒரு நாள் அப்படியே சரிஞ்சு ஒருத்தன் பூட்ஸ் அப்பளமாயிடுச்சு. நல்ல வேள, உள்ள காலு இல்ல. கழட்டி வச்சிட்டு ஓரமாத் தூங்கிட்டிருந்தான். வேல நேரத்துல தூங்கினதுக்கு அன்னிக்கு ஒருத்தரும் அவனத் திட்டல.

அப்பறம்தான் ரேக் வந்தது. பீரோ இழுப்பற மாதிரி மாஸ்டர். தட்ட இழுத்தா அச்சோட வெளிய வரும், கிரேன் மேலேர்ந்து கொக்கி போட்டுத் தூக்கிடும். கனமானது கீழ, லேசானது மேல. அதுல ஒரு பூட்டு இருக்கு. அதக் கண்டுபிடிச்சவன் கையில கெடச்சா கட்டிப்பிடிச்சு முத்தமே குடுத்துடுவேன். ஒரு தட்டு வெளிய இருக்கற வரைக்கும் இன்னொரு தட்டு திறக்கவே திறக்காது. ரெண்டும் ஒண்ணா வந்தா ரேக்கே குப்புற விழுந்துடுமில்ல? கிரேனுக்கும் ஒரு சட்டம் இருக்கு, வாயால சொல்ற கதையே கெடையாது. அந்த சத்தத்துல யாருக்குக் கேக்கும்? ஆள்காட்டி விரல மேல தூக்கி சுத்தினா, தூக்கு. உள்ளங்கைய விரிச்சா, நில்லு. அவ்வளவுதான்.

என்ன பாக்கறீங்க? மாஸ்டர் மாஸ்டர்ங்கறேனேன்னா? தெருவே உங்கள அண்ணேங்குது, தெரியும். எனக்கு மட்டும் அது வாயில வர மாட்டேங்குது. காரணம் இருக்கு, சொல்றேன்.

ரேக்குல எத எங்க வைக்கறதுன்னு முடிவு பண்றது நான்தான். தெனம் வேணுங்கறது மிஷின் பக்கத்துல, எப்பவாவது வேணுங்கறது கடைசி மூலையில. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் என்ன பண்ணேன்? தெனம் எடுக்கற ஸ்டூல் அச்சக் கொண்டுபோயி அந்தக் கோடியில, என் மேசைகிட்ட வச்சேன். ஏன்னா, அத எடுக்கணும்னா கிரேன் அவ்வளவு தூரம் வரணும். கிரேன் வந்தா, ரிமோட்டப் பிடிச்சிக்கிட்டு அத ஓட்டறவங்களும் கூடவே நடந்து வரணும்.

ஆமா, ஓட்டறது ஒரு லேடிதான். மஞ்சத் தொப்பி.

ஆ! குத்திட்டீங்களே மாஸ்டர். பரவால்ல, பரவால்ல.

தூக்கற அச்சுக்கு அடியில எவனாவது போனா அவங்க போடற சத்தத்துல கூரத் தகரமே அதிரும். மொத நாளு அத வாங்கிக் கட்டிக்கிட்டது நான். அங்கயே விழுந்துட்டேன். மேனேஜர் கேட்டாரு, ஸ்டூல் அச்சு ஏன்யா அந்தக் கோடியில கெடக்குதுன்னு. பாதுகாப்புக்கு சார்னேன். எதோட பாதுகாப்புக்குன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல.

ஆனா அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. கொக்கிய மாட்டிக்கிட்டே, என் மூஞ்சியக்கூடப் பாக்காம சொல்றாங்க: இத மிஷின் பக்கத்துக்கு மாத்துங்க, இவ்வளவு கனத்த தெனமும் இத்தன பேரு நடக்கற வழியில கொண்டுபோறது ஆபத்து. என்னப் பாக்கணும்னா நேரா வந்து பாருங்க, அச்சு பாவம்.

அச்சு பாவமாம்! அன்னிக்கே மாத்திட்டேன். மறுநாள் நேரா போயி நின்னேன், கட்டிக்கறீங்களான்னு கேட்டுட்டேன். கட்டிக்கறேன், ஆனா எங்கண்ணன் கை காட்டாம நான் ஒரு இன்ச் நகர மாட்டேன்னுட்டாங்க. அப்பா அம்மா போனப்பறம், தையல் மிஷின மிதிச்சு மிதிச்சே என்ன வளத்தாருன்னு சொன்னாங்க.

ஐயையோ, கத்திரியக் கீழ வைங்க மாஸ்டர். ஊசியத் துப்பாதீங்க, துப்பாதீங்க! இன்னும் ஒரே நிமிஷம். நானும் ஓட முடியாது பாருங்க, காலச் சுத்தி ஊசியாக் கெடக்குது.

எல்லாம் அவ சொல்லி அனுப்பினதுதான். எங்கண்ணன் முழுசாக் கேட்டா தங்கமான மனுஷன், கேக்கறதுக்குள்ள கத்திடுவாரு. இதுக்கு முன்னாடி வந்தவங்களையெல்லாம் வாசல்லயே தொரத்திட்டு, அப்பறம் நல்ல பையனா இருந்திருப்பானோன்னு அவரே உக்காந்து பொலம்புவாரு. அதனால பேன்ட் தைக்கக் குடுங்க, அவரு வாயில குண்டூசி ஏறினதும் ஆரம்பிங்க, அதுதான் பூட்டுன்னு சொன்னா.

இப்பப் புரியுதா, ஏன் அண்ணேன்னு கூப்பிடலன்னு? கூப்பிட்டா அவ எனக்குத் தங்கச்சி ஆயிடுவாளே!

நல்லா வச்சுக்குவேன். அத மட்டும் சத்தியமாச் சொல்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளிய பாருங்க. தொப்பியக்கூடக் கழட்டாம வந்து நிக்கறா. உங்க கையத்தான் பாத்துட்டிருக்கா. விரலா, உள்ளங்கையா?

என்ன, கண்ணு கலங்குது உங்களுக்கு? அட... அட, விரல் எழுந்துடுச்சு! சுத்துங்க, சுத்துங்க! எனக்கு எதுக்கு மச்சான் காட்டறீங்க? அந்தப் பக்கம் திரும்பி அவளுக்குக் காட்டுங்க. தூக்கறது அவதானே!