பாலைப்பழத்தின் மேல் விழுந்த பழி

ஓடுகிறோம். வலப்பக்கம் கடல். இடப்பக்கம் புதர் மண்டிய பற்றைக்காடு. தலைக்கு மேலே செல், எறிகணை, கூவுகிறது. கூவிக்கொண்டே போனால் நமக்கில்லை, தாண்டிப் போகும். கூவல் அறுந்தால்தான் பயம். அறுந்தது.

"படு! படு! பிள்ளையைக் கீழை அமத்து!"

கத்தியது என் தம்பி ரவி. படுத்தோம். மண் கொட்டியது. எழும்பினோம். தம்பி எழும்பவில்லை. நின்று அழக்கூட விடவில்லை, அடுத்தது வந்துவிட்டது. மகள் துளசியை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் புகுந்தேன். வைகாசி மாதம். காலை வெயில். அவளுக்கு ஆறு வயது. என் கணவர் முந்தின நாளே சனநெரிசலில் எங்களை விட்டுப் பிரிந்திருந்தார்.

உள்ளே ஒரு பாலைமரம். பழுத்துக் கிடக்கிறது. வேப்பம்பழம் அளவு. மஞ்சள். உள்ளே வழுவழுவென்று ஒற்றை விதை. நல்ல இனிப்பு. கஞ்சிகூடக் கிடைக்காத அந்த நாட்களில் எங்களைத் தாங்கியது இந்தப் பழம்தான். ஒரே கரைச்சல், அதன் பால். பசை போல உதட்டை ஒட்டிவிடும். தண்ணீரில் கழுவினால் போகாது, எண்ணெய் தடவ வேண்டும். உயிரே கையில். எண்ணெய்க்கு எங்கே போக? துளசியின் வாயோரம் பால் வெள்ளையாய்க் காய்ந்தது. "அம்மா, வாய் இழுக்குது" என்று சிரித்தாள். இன்னொரு பழத்துக்குக் கை நீட்டினாள்.

அப்போது விழுந்த செல் கூவவே இல்லை. தெறித்தது சின்னத் துண்டு. துளசியின் இடுப்பில் புளியங்கொட்டை அளவு ஓட்டை. வெளியே ரத்தம் அதிகமில்லை. எல்லாம் உள்ளேதான். பின்னேரம் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

தூக்கிக்கொண்டு அகதி முகாம் வரை நடந்தேன். வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்தவர் அவள் முகத்தை மட்டும் பார்த்தார். "நுரை தள்ளியிருக்கு. விஷப்பழம்" என்றார். நுரையா? பால் ஐயா, பால்! சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. "அடுத்த ஆள்" என்றார்.

கணவர் பிறகு முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பேச்சுத்தான் அவர் காதில் முதலில் விழுந்தது. கடல் தாண்டி வந்து இன்று மேனாம்பேட்டில் குடியிருக்கிறோம். அவருக்குப் பாடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. மகளைப் பற்றி யார் கேட்டாலும், "காட்டுப்பழம் ஒத்துக்கொள்ளேல்லை" என்கிறார். அக்கம்பக்கம் உச்சுக் கொட்டுகிறது. "ஐயோ, தெரியாம குடுத்துட்டியாம்மா?" எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செல் அடித்தவனை ஒருவரும் கேட்கவில்லை. பழி மரத்துக்கும் எனக்கும்.

அம்பத்தூரில் ஒரு பழச்சாறு கம்பெனியில் பொட்டலம் போடுகிறேன். இந்தக் கோடையில் சோதனை அறைக்கு வேதாரண்யம் பக்கமிருந்து ஒரு கூடை பாலைப்பழம் வந்தது. அங்கே சோதிக்கிற பெண் ஷாஹீன், பூந்தமல்லிக்காரி. விதையை எடை போட்டாள். சாற்றின் இனிப்பை அளந்தாள். ஒன்றை வாயிலும் போட்டாள்.

"அக்கா, இன்னாக்கா இது! ஒதடு ஒட்டிக்கினு கீது!"

"விஷம் ஏதும் இருக்கோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"வெசமா? செம இனிப்புக்கா, நல்ல சத்து. பாலுதான் தொல்ல. எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கே எட்த்துனு போவேன்."

மிச்சத்தைக் கேட்டு வாங்கினேன். வீட்டில் கணவர் முன் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, தின்னுங்கோ."

"உனக்கென்ன விசரோ?"

"விசர்தான், பைத்தியம்தான். தின்னுங்கோ!"

தின்றார். எண்ணெய்ப் போத்தலை நான் எடுத்துத் தரவில்லை. மின்விசிறிக் காற்றில் பால் காய்கிறது. வெள்ளையாகிறது. கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறேன்.

"பாருங்கோ. நுரை."

பார்க்கிறார். உதட்டைத் தொடுகிறார். கண் கலங்குகிறது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"காயம் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்" என்றேன். அவர் வாய்விட்டு அழுதார். நான் அழவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.

படிக்கிறவர்கள் சரியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போனவை: வீடு, கிணறு, இரண்டு பசு, துளசி ஒருநாளும் போடாத புதுப் பள்ளிக்கூடச் சட்டை. செல்லுக்குச் செத்தவர்கள்: தம்பி ரவி, மகள் துளசி. பழம் தின்று செத்தவர்: ஒருவருமில்லை.